ஒன்பது மாதம் நிறைந்தும் தவழவில்லை: காத்திருக்கலாமா?

எர்ணாவூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி
2024 ஜூன் 3, மாலை 6.20

என் மகனுக்கு நேற்றோடு ஒன்பது மாதம் நிறைந்தது. முகம் பார்த்துச் சிரித்தது, கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது எல்லாம் காலத்தில்தான் நடந்தன. ஆனால் இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே வலது கையை ஊன்றித் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்கிறான். எதிர் வீட்டுப் பெண் குழந்தை இவனைவிட இருபது நாள் இளையது. அது முட்டிபோட்டுத் தவழ்ந்து, கட்டில் காலைப் பிடித்து நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் "இன்னும் தவழலையா?" என்றே கேட்கிறார்கள். எங்கள் அத்தை, இவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தார், பொறுத்திரு என்கிறார். பொறுத்திருக்கலாமா?

இன்னொரு தாயின் பதில்கள்
ஜூன் 3, இரவு 9.40

தோழி, தவழவில்லை என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். பிடிமானமின்றி உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 மாதம் வரை, தனியாக நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம் வரை என்று அதில் இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் 4.3 விழுக்காட்டினர் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் படிகளின் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து எடுத்தே விட்டது. சில குழந்தைகள் தரையில் வயிற்றால் நீந்துவார்கள், சில குழந்தைகள் உருளுவார்கள், சில குழந்தைகள் உங்கள் மகனைப் போல உட்கார்ந்தபடியே நகர்வார்கள். அப்படி நகரும் பிள்ளைகள் சற்றுத் தாமதமாக நடப்பதும் உண்டு.

என் மூத்த மகள் தவழவே இல்லை. தண்டையார்பேட்டையில் பத்துக்குப் பத்து அளவில் ஒரே அறை உள்ள வீட்டில் அப்போது குடியிருந்தோம். அவள் வேண்டிய பொருளை நோக்கி உருண்டே போய்ச் சேருவாள். குழாயடியில் யார் எதைக் கேட்டாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். பதினைந்தாம் மாதத்தில் ஒரு நாள் அரிசி டின்னை விட்டுக் கையை எடுத்தாள், நான்கு எட்டு வைத்தாள், நடந்துவிட்டாள். அந்த ஆறு மாதமும் நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஒன்பதரை மாதத்தில் பாயில் சிந்தியிருந்த பொரியில் ஒன்றே ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பற்றி, கண்ணுக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பி ஆராய்ந்தாளே, அதன் அருமை எனக்குத் தெரியாமல் போயிற்று. (வாய்க்குப் போவதற்குள் பிடுங்கிவிட்டேன், பொரி தொண்டையில் அடைக்கும்.) அந்த நுனிவிரல் பிடி ஒன்பது, பத்து மாதத்தில் வர வேண்டிய பெரிய படி. ஆகையால் காலை மட்டும் பார்க்காதீர்கள், விரல்களையும் பாருங்கள். பொறுத்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

ஜூன் 3, இரவு 11.10

ஒன்று கேட்க மறந்தேன். பிரசவம் எத்தனையாவது வாரத்தில் நடந்தது? என் மகள் 34 வாரத்தில் பிறந்தவள். 37 வாரம் நிறையும் முன்னே பிறந்திருந்தால், நாற்பது வாரத்திற்கு எத்தனை வாரம் குறைகிறதோ அத்தனை வாரத்தைக் குழந்தையின் வயதிலிருந்து கழித்துவிட்டுத்தான் வளர்ச்சிப் படிகளைக் கணக்கிட வேண்டும், இரண்டு வயது வரையில் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு செவிலியர் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கின்படி அவள் நடந்தது பதினைந்தாம் மாதத்தில் அல்ல, பதின்மூன்றரையில். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும்.

ஜூன் 4, காலை 5.25

தோழி, நேற்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்க எழுந்தவள், உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். "வலது கையை ஊன்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். விரல்களைப் பாருங்கள் என்று எழுதிய நானே அந்தச் சொல்லின் மேல் நிற்காமல் போய்விட்டேன். என் மகளின் கதை நினைவுக்கு வந்ததும், உங்கள் மகனின் கதையும் அதுதான் என்று எண்ணிவிட்டேன்.

தவழாமல் இருப்பது வேறு, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வது வேறு. ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைக்கு வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ உறுதியாக அமைந்திருக்கக் கூடாது. முதல் ஆண்டில் இரண்டு கையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நீள வேண்டும். ஒரு கையே எப்போதும் முன்னால் வருகிறதென்றால் அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று மகிழக் கூடாது. மற்றக் கை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும்.

இன்று இவற்றைக் கவனித்துச் சொல்லுங்கள். இடக்கை விரல்கள் விரிந்திருக்கின்றனவா, கட்டைவிரல் உள்ளே மடங்கிய மூடிய கையாகவே பெரும்பாலும் இருக்கிறதா? பொம்மையை இடப்பக்கம் நீட்டினால் இடக்கையால் வாங்குகிறானா, அல்லது வலக்கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வாங்குகிறானா? வலக்கையிலிருந்து இடக்கைக்குப் பொருளை மாற்றுகிறானா? சட்டை போடும்போது இடக்கை மட்டும் விறைப்பாக இருக்கிறதா? அவன் கையைக் கட்டியோ அழுத்தியோ சோதிக்க வேண்டாம். அவன் விளையாடுவதை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஜூன் 4, இரவு 8.30

உங்கள் பதிலைப் படித்தேன். 39 வாரத்தில் பிறந்த குழந்தை, ஆகவே வயதைக் கழிக்க இடமில்லை. இடக்கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது, பிஸ்கட்டை இடப்பக்கம் நீட்டினாலும் வலக்கைதான் வருகிறது, எத்தனை முறை பாடிக் காட்டினாலும் கை தட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, இது இன்ன நோய் என்று சொல்ல எனக்கு அறிவும் உரிமையும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நாளை புதன்கிழமை. ஒன்பது மாதம் நிறைந்ததால் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு எப்படியும் நீங்கள் போக வேண்டும். ஊசி போட்ட கையோடு வந்துவிடாதீர்கள். தாய் சேய் நல அட்டையை எடுத்துப் போங்கள், அதில் வளர்ச்சிப் படிகளுக்குப் படம் போட்ட பக்கம் இருக்கிறது. "தவழவில்லை" என்று தொடங்காதீர்கள். தொடங்கினால் நான் சொன்ன பதிலையே அவர்களும் சொல்லி அனுப்பிவிடக்கூடும். "இடது கையைப் பயன்படுத்துவதில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஜூன் 5, பிற்பகல் 2.15

தோழி, ஊசிக்கு இன்னும் கிளம்பவில்லை என்றால், உங்கள் மகன் விளையாடும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ கைப்பேசியில் இருக்கட்டும். மருத்துவமனையில் அழுதுகொண்டிருக்கும் குழந்தை எந்தக் கையையும் சரியாகக் காட்டாது.

ஜூன் 6, இரவு 10.05

நேற்று இங்கே ஒருவர், ஆண் பிள்ளைகள் எல்லாவற்றிலும் தாமதம்தான், வீணாகத் தாயைப் பயமுறுத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் இரண்டாவது மகன் நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்தவன். மூன்றாம் மாதத்தில் "ங்கா" என்றான், "அக்கூ" என்றான், சிரித்தான். ஆறாம் மாதத்திற்குப் பிறகு அந்தச் சத்தம் அதிகமாக வேண்டியதற்கு மாறாகக் குறைந்துகொண்டே வந்தது. மற்றப் பிள்ளைகள் "பப்பப்பா, தத்தத்தா" என்று அடுக்குகிற ஏழு, எட்டு மாதத்தில் இவன் வாய் மூடியிருந்தான். சமர்த்துப் பிள்ளை என்று சொன்னோம். காது கேட்கிறதா என்று எனக்கு ஐயம் வந்தபோது, வீட்டில் எல்லோரும் கேட்கிறது என்று சத்தியம் செய்தார்கள். அப்போது நாங்கள் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி மாறியிருந்தோம். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அவன் திடுக்கிட்டு நிமிர்வான். அவன் நிமிர்ந்தது சத்தத்தால் அல்ல. லாரி போகையில் எங்கள் வீட்டுத் தரை அதிரும், செம்பில் இருக்கும் தண்ணீர் கூட நடுங்கும். அந்த அதிர்வைத்தான் அவன் உள்ளங்காலால் கேட்டிருக்கிறான். பின்னாளில் ஒரு மதியம் அவன் தூளியில் ஆடிக்கொண்டிருந்தபோது, அவன் பார்க்காத பக்கத்தில் நின்று தட்டையும் கரண்டியையும் தட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். அவன் திரும்பவில்லை.

அதற்கு முன் எட்டாம் மாதத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, ஆண் குழந்தை இரண்டு வயது வரை பொறுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். பதினான்காம் மாதத்தில்தான், ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை நடந்தது, இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. பிறந்த ஒரு மாதத்திற்குள் காது சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் காது கேளாமைக்கு உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு என்பதை அதன் பிறகே அறிந்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான வழியில், இரண்டரை வயதில் அவனுக்கு உள்காதில் அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறான், பேசுகிறான், பாடம் ஒப்பிக்கிறான். ஆனாலும் அந்த ஆறு மாதத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

காது கேளாத குழந்தையும் முதலில் "ங்கா" சொல்லும் என்பதைத் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். தன் குரலையும் பிறர் குரலையும் கேட்க முடியாததால், போகப் போகத்தான் அது தேய்கிறது. வந்த திறமை எந்த வயதில் குறைந்தாலும், மறைந்தாலும், அதற்குப் பொறுத்திருத்தல் என்பதே கிடையாது.

ஜூன் 9, காலை 11.00

தூளியைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் கொக்கியில் தொங்கும் தூளிதான் குழந்தைக்குப் படுக்கையும் ஊஞ்சலும். நான்கடிக்குமேல் வெறுந்தரை கிடைக்காத வீட்டில், கேஸ் சிலிண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவே பிள்ளையை எங்கே விடுவது? ஆனால் தூளித் துணி குழந்தையின் தோளையும் இடுப்பையும் சேர்த்து அணைத்துக்கொள்வதால், அதற்குள் குப்புற விழவும் முடியாது, கையை ஊன்றவும் முடியாது. விழித்திருக்கும் நேரத்தில், அருகில் ஆள் இருக்கையில், பாயில் குப்புறப் போடுவது கழுத்துக்கும் தோளுக்கும் நல்லது. தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. அதில் உட்கார வைத்த குழந்தை நுனிக்காலால் உந்திப் போகுமே தவிர, தன் எடையைத் தானே தாங்கிச் சமநிலை பழகாது. படியும் அடுப்பும் உள்ள இடத்தில் விபத்து வேறு. நம் ஊர் மர நடைவண்டி அப்படி அல்ல. தானாக நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைப் பிடித்துத் தள்ள முடியும்.

ஜூன் 10, காலை 6.10

இரண்டு திருத்தங்கள். தூளியில் போட்டதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று எர்ணாவூர்த் தோழி தம்மை நொந்துகொள்ள வேண்டாம். தூளி இரண்டு கையையும் ஒரே மாதிரிதான் கட்டிப்போடும். ஒரு பக்கக் குறைக்குத் தூளி காரணம் ஆகாது. கர்ப்பத்தின்போது கிரகணத்தில் வெளியே போனதும் காரணம் ஆகாது.

அடுத்தது, முதல் நாள் நான் எழுதிய எண்கள். 13.5 மாதம், 17.6 மாதம் என்பவற்றைக் கெடு தேதி போலச் சிலர் எடுத்துக்கொண்டிருப்பது பதில்களில் தெரிகிறது. அந்த எல்லைகள் நூற்றில் முதல் குழந்தைக்கும் தொண்ணூற்றொன்பதாம் குழந்தைக்கும் இடைப்பட்ட தொலைவைக் காட்டுகின்றன. கடைசி எல்லை வரை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம் என்று அவை சொல்லவில்லை.

இதைவிடப் புரியும்படி இருப்பது திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தின் வரைபடம். 1991இல் வெளிவந்த அதில் பிறப்பு முதல் இரண்டு வயது வரை பதினேழு படிகள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கும். என் மகளுக்குப் பார்த்த மருத்துவர் அவள் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நெட்டாக நிறுத்தி, பென்சிலுக்கு இடப்புறம் முழுதாக முடிந்துவிட்ட பட்டைகளை மட்டும் கேட்டார். பென்சில் குறுக்கே வெட்டிய பட்டைகளைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

ஜூன் 12, இரவு 9.20

இரண்டு நாளாகச் சப்பாணி என்ற சொல் மனத்தில் சுற்றுகிறது. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கொட்டுவது. வருகைப் பருவம் நடை பழகும் காலத்தை ஒட்டி வருகிறது. பட்டியல் போட்டு அளந்தவர்கள் அல்லர், பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பாடிய புலவர்கள். ஆனாலும் வரிசை பிசகவில்லை. கழுத்து முதலில், பிறகு தோளும் கையும், பிறகு இடுப்பு, கடைசியில் கால். உட்காரும் வலிமை வந்து, கைகள் ஊன்றுகோல் வேலையிலிருந்து விடுபட்ட பிறகே தட்ட முடியும் என்பதால்தான் செங்கீரைக்குப் பின் சப்பாணி.

நம் தெருவில் சப்பாணி என்றால் நடக்க முடியாதவரை இழித்துச் சொல்லும் சொல்லாகிவிட்டது. தேய்த்து நகரும் உங்கள் மகனை எதிர் வீட்டார் அப்படி அழைத்ததாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் நெஞ்சு கனத்தது. அந்தச் சொல்லின் நல்ல பொருளை அவர்களிடம் சொல்லுங்கள். இரண்டு கையும் நடுவில் வந்து சந்திப்பதுதான் சப்பாணி. உங்கள் பிள்ளைக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

ஜூன் 20, மாலை 7.45

தோழி எழுதியதன் சுருக்கத்தை, அவர் அனுமதியோடு, மற்றவர்களுக்காகப் பதிகிறேன். ஊசி போடப் போன இடத்து மருத்துவர் வீடியோவைப் பார்த்துவிட்டு அன்றே பரிந்துரைச் சீட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பார்த்ததில் இடக்கையிலும் இடக்காலிலும் தசை இறுக்கம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், பிறப்பை ஒட்டி மூளையின் ஒரு இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டிருந்த தடம் தெரிந்திருக்கிறது. இவ்வகை அடைப்பு பிறந்த நேரத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, சில மாதம் கழித்து ஒரு கை மட்டும் நீளும்போதுதான் முதன்முதலாகத் தெரியவரும் என்று அங்கே விளக்கியிருக்கிறார்கள். தாய் செய்தது, செய்யாதது எதனாலும் வந்ததில்லை என்று, வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையிலேயே மருத்துவர் சொன்னாராம். அதற்காக அவருக்கு என் வணக்கம்.

இந்த மையங்கள் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருபவை, கட்டணம் கிடையாது. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினாலும் அங்கே அனுப்புவார்கள்.

வாரம் இரண்டு நாள் பயிற்சி. வீட்டில் செய்யச் சொன்னதைத் தோழி எழுதியிருக்கிறார்: வலக்கைக்கு மெல்லிய துணி உறை மாட்டி, பயிற்சியாளர் சொன்ன நேரம் மட்டும், பிள்ளை முகம் சுளிக்காத அளவுக்கு இடக்கையால் விளையாட விடுவது, மற்ற நேரத்தில் இரண்டு கையும் இல்லாமல் தூக்க முடியாத பொருளைக் கொடுப்பது. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக உறை மாட்ட வேண்டாம். எவ்வளவு நேரம், எந்த விளையாட்டு என்பதைப் பிள்ளையைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 21, காலை 6.40

முதல் நாள் இரவு நான் எழுதிய "பொறுத்திருக்கலாம்" என்ற பதிலை நீக்கிவிடும்படி ஒருவர் கேட்டிருக்கிறார். நீக்கவில்லை. தேடி வருகிறவர்கள் அந்தப் பதிலையும் மறுநாள் காலைப் பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும். தவழாத பிள்ளைக்கு அது இன்றைக்கும் சரியான பதில்தான். ஒரு கையால் நகரும் பிள்ளைக்குத்தான் அது தவறு.

ஜூலை 17, இரவு 8.50

தோழி இன்று அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உப்பிய பெரிய பந்து ஒன்று அவன் மடியில் இருக்கிறது. வலக்கை முதலில் அணைக்கிறது. பந்து சரிகிறது. இடக்கை, மூடிய கையாகவே, மெல்ல வந்து மறுபக்கம் முட்டுக்கொடுக்கிறது. அதற்குப் பிறகு மூன்று விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன, கட்டைவிரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பின்னால் ஒரு பெண் குரல் "அடி என் தங்கமே" என்கிறது. அது அத்தையின் குரல் என்று தோழி எழுதியிருக்கிறார்.

அடுத்த புதன்கிழமை பயிற்சியாளரிடம் கட்டைவிரலைப் பற்றிக் கேளுங்கள், தோழி. காது சோதனை இதுவரை செய்யவில்லை என்றால், அதே மையத்தில் அதையும் முடித்துவிடுங்கள்.